வீட்டு அலங்காரம்: முதலில் சுவர், அப்புறம்தான் வண்ணம் (கேள்வி பதில்)

சென்னை வீடுகளின் உள் அலங்காரம் பற்றிக் கேளுங்கள். எந்தத் தளம், அறையின் நீள அகலம், சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சரியாக அமையும்.

மடிப்பாக்கம், தரைத்தளம்: ஹால்ல தரையிலேருந்து ரெண்டடி உயரத்துக்கு பெயின்ட் உரிஞ்சு மாவு மாதிரி கொட்டுது சார். மூணு வருஷத்துல ரெண்டு தடவை அடிச்சாச்சு. இந்தத் தடவை வால்பேப்பர் ஒட்டி மறைச்சிடலாமா?

ஒட்டாதீர்கள். கொட்டுகிற மாவு உப்பு. செங்கல்லிலும் மணலிலும் போர் தண்ணீரிலும் இருக்கும் உப்பை ஈரம் கரைத்துச் சுவரின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் காய்ந்ததும் உப்பு படிகமாகி, பட்டியையும் (பெயின்ட்டுக்கு அடியில் சுவரைச் சமன்படுத்தப் பூசும் மாவு) பெயின்ட்டையும் பின்னாலிருந்து தள்ளுகிறது. மேலே எதை ஒட்டினாலும் அதையும் தள்ளும். வால்பேப்பருக்குப் பின்னால் பூஞ்சையும் பிடிக்கும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டி வெளியே செடிப் பாத்தி இருக்கிறதா? தெருவும் வெளி மண்ணும் வீட்டுத் தரைமட்டத்துக்கு மேலே ஏறிவிட்டனவா? அந்தப் பக்கம் குளியலறையோ சம்ப்போ (தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) இருக்கிறதா? அதைச் சரிசெய்த பிறகு, ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) ஏறிய கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்துங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நாலு பங்கு மணல் சேர்ந்த கலவையில் வாட்டர்புரூஃப் திரவம் சேர்த்துப் பூசி, 7 நாள் நனைத்து, மொத்தம் 28 நாள் விடுங்கள்.

பிறகு ஒரு சோதனை. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவர் இன்னும் காயவில்லை, காத்திருக்க வேண்டும். காய்ந்திருந்தால் பிரைமர், வெள்ளை சிமென்ட் பட்டி, மறுபடி பிரைமர், எமல்ஷன் இரண்டு கோட். இந்த இடத்துக்கு அக்ரிலிக் பட்டி வேண்டாம். ஈரம் பட்டால் ஊறிவிடும்.

அண்ணா நகர்: ஷேடு கார்டுல பார்த்த கலர் சுவர்ல வேற மாதிரி தெரியுது. 10க்கு 12 ரூமுக்கு எத்தனை லிட்டர் வாங்கணும்?

கார்டில் இருப்பது தீப்பெட்டி அளவு. சின்ன டப்பா ஒன்று வாங்கி, சுவரில் இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், இரவு மூன்று நேரமும் பாருங்கள். இரவில் எரியப்போகும் அதே பல்பைப் போட்டுப் பார்க்க வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் சந்தன நிறம் உயிரில்லாமல் தெரியும், 3000இல் மஞ்சள் தூக்கலாக வரும். 10 அடி உயரத்துக்கு நாலு சுவரும் 440 சதுர அடி, கதவு ஜன்னல் போக 400. இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 65 சதுர அடி என்று வைத்தால் 6 லிட்டர் சொச்சம். ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள்.

பெரம்பூர்: மேற்குச் சுவரில் கண்ணாடி மாட்டலாமா?

வாஸ்து என் துறை இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் அறைக்கு வெளிச்சம் கூடும் என்று மட்டும் சொல்ல முடியும்.

வேளச்சேரி, மேல்தளம்: ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங் போடலாம்னு இருக்கோம். உயரம் ஒன்பதரை அடி.

சுற்றி மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்குப் போட்டு நடுவை விட்டுவிடுங்கள். ஸ்பாட் லைட்டுக்கு ஆறு அங்குலம் கீழே இறக்க வேண்டும். முழுக்கப் போட்டால் ஒன்பது அடிதான் மிஞ்சும். ஃபேன் இறக்கை சீலிங்கிலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால்தான் காற்று வரும், ஆக எட்டடியில் சுழலும். கட்டில் மேல் ஏறி நின்று ஒட்டடை அடிக்கிறவர் கையைத் தூக்கினால் இடிக்கும்.

வேளச்சேரி: ஆனா மேல்தளம்ங்கறதால சூடு குறையும்னு எல்லாரும் சொல்றாங்களே?

குரோம்பேட்டை: குறையும் சார். எங்க வீட்டுல போட்டோம், நல்லாவே தெரியுது.

கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது அல்லவா? ஆனால் அரை அங்குல ஜிப்சம் பலகை பெரிதாக வெப்பத்தைத் தடுக்காது. பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் தளம் இரவில்தான் சூட்டை இறக்கும். பலகைக்கு மேல் 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளியோ ராக் வுல்லோ வைத்தால்தான் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

குரோம்பேட்டை: அப்போ மொட்டை மாடியில வெள்ளை அடிச்சா போதுமா? மழையில கறுத்துப் போயிடுமே.

கறுக்கும். தூசியும் பாசியும் படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் தன்மை குறையும். அதனால் வருடம் ஒருமுறை கழுவியாக வேண்டும். ஆனாலும் வெயிலைத் தளத்துக்கு மேலேயே தடுப்பதுதான் முதல் வேலை. செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு மேலே தட்டு ஓடு பதித்த பழைய வெதரிங் கோர்ஸ் இருந்தால் அதை உடைக்காதீர்கள். அது வெப்பத்தையும் தடுக்கும், மழைநீர் வடியச் சரிவையும் தரும். ஓடுகளின் இடுக்கில் வெடிப்பு இருந்தால் அடைத்து, அதன் மேல் வெள்ளைப் பூச்சு இரண்டு கோட் அடியுங்கள். அடுக்குமாடி என்றால் மாடி எல்லோருக்கும் பொது, அசோசியேஷனிடம் முதலில் பேசுங்கள்.

மேல்தளக்காரர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். தளம் ஒழுகுகிறதா என்று ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே சீலிங் போடுங்கள். போட்டுவிட்டால் கசிவு கண்ணில் படாது. பழுப்பு வட்டம் தெரியும் நாளில் உள்ளே இரும்புச் சட்டம் துருப்பிடித்திருக்கும்.

வேளச்சேரி: ஃபேனை சீலிங் சட்டத்திலேயே மாட்டிக்கலாம்னு கான்ட்ராக்டர் சொல்றார்.

கூடவே கூடாது. ஃபேன் எடை முழுவதும் கான்கிரீட் தளத்தில் இருக்கும் கொக்கியில் தொங்க வேண்டும், நீளக் கம்பி போட்டு இறக்குங்கள்.

திருவான்மியூர்: அஞ்சடி ஜன்னலுக்கு ஸ்க்ரீன் துணி எவ்வளவு அகலம் வேணும்?

கம்பி ஆறடி, ஜன்னலுக்கு இரு பக்கமும் அரை அடி வெளியே. துணி கம்பியைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். 54 அங்குலத் துணி மூன்று பாகம் வாங்கி, மூன்றாவதை நெடுக்காக வெட்டி இரு பக்கமும் சேர்த்துத் தையுங்கள். பருத்தி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே தரைக்கு மேல் ஏறிவிடும். கடல் காற்று வரும் வீடு, ஆகவே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி.

போரூர்: பாத்ரூம் பக்கத்துச் சுவர்ல பெயின்ட் உப்பி நிக்குது. பேனல் அடிச்சு மூடலாமா?

மடிப்பாக்கத்துக்குச் சொன்னதே உங்களுக்கும். மூடாதீர்கள். குளியலறை டைல்ஸ் கிரவுட்டையும் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பூச்சு) குழாய் இணைப்பையும் பாருங்கள்.

கொளத்தூர்: ஓதம் பிடித்த சுவரில் தஞ்சாவூர் ஓவியம் மாட்டலாமா?

வேண்டாம். அதில் சுண்ணப்பொடியும் பசையும் சேர்ந்த மேடு இருக்கிறது, ஈரத்தில் இளகும். காய்ந்த உட்சுவரில், வெயில் படாமல் மாட்டுங்கள்.

தாம்பரம்: எல் வடிவ சோஃபா ஆர்டர் பண்ணப் போறோம். ஹால் 11க்கு 14.

பணம் கட்டும் முன் பழைய செய்தித்தாளை சோஃபா அளவுக்கு வெட்டித் தரையில் போட்டு இரண்டு நாள் நடந்து பாருங்கள். நடைவழி மூன்றடி, டீபாய்க்கும் சோஃபாவுக்கும் ஒன்றரை அடி இருக்க வேண்டும். லிஃப்ட், மாடிப்படித் திருப்பம், வாசற்கதவு மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அம்பத்தூர்: தீபாவளிக்குள்ள பெயின்ட் முடிக்கணும் சார். சுவர்ல லேசா ஈரம் இருக்கு, அடிச்சா நிக்குமா?

நிற்காது. இதை மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்: ஈரச் சுவரில் அடிக்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, சுவர் காயவே வழியில்லை. தீபாவளிக்குக் கதவு, ஜன்னல் கம்பிகளுக்கு மட்டும் எனாமல் அடித்துக்கொள்ளுங்கள். சுவரைப் பொங்கல் கழிந்து, பாலிதீன் தாளை ஒட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.