பழைய ஜீப்புக்கு ஐந்து கியர் பெட்டி: எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது?

கேள்வி: என்னிடம் 1989-ஆம் ஆண்டு மஹிந்திரா எம்.எம்.540 ஜீப் இருக்கிறது. தாண்டிக்குடி மலையில் உள்ள எங்கள் காப்பித் தோட்டத்துக்கு வாரம் ஒருமுறையும், மதுரைக்கு மாதம் இருமுறையும் அதில்தான் போய் வருகிறேன். சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே எஞ்சின் கதறுகிறது. பின்பக்கத்திலிருந்து ஓர் உறுமலும் கேட்கிறது. பெரிய டிஐ (எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் டீசல்) எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, வேகத்துக்கான கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் இருக்கும் பல் சக்கர ஜோடி) ஆகிய மூன்றையும் சேர்த்து மாற்றித் தருவதாகவும், ‘பேப்பர்’ வேலையைத் தானே முடித்துத் தருவதாகவும் ஒரு புரோக்கர் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: அவர் சொல்லும் மூன்றில் கியர் பெட்டியை மட்டும் மாற்றுங்கள். அதையும், பின்பக்கத்து உறுமலுக்குக் காரணம் கண்டு சரிசெய்த பிறகே செய்யுங்கள். எஞ்சின் வேண்டாம், கிரவுன் பினியன் விகித மாற்றமும் வேண்டாம். மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பது புரோக்கருக்கு லாபம் என்பதைத் தவிர, உங்கள் வண்டிக்கு அதில் எந்த நியாயமும் இல்லை.

எஞ்சின் ஏன் கதறுகிறது என்பதை முதலில் சொல்கிறேன். இந்த வகை ஜீப்புகளில் நான் அதிகம் கண்டிருக்கும் ஆக்சில் விகிதம் 5.38, அதாவது கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல். நான்காவது கியரில் பெட்டி நேரடியாகச் சுற்றுவதால், எஞ்சின் 5.38 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒருமுறை சுற்றும். 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.2 மீட்டர் உருளும் என்று கொண்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,440 சுற்றும், 75 கிலோமீட்டரில் 3,050 சுற்றும் சுற்றுகிறது. வண்டி பழுதாகிவிட்டதால் வரும் கதறல் அல்ல இது. வயலிலும் மேட்டிலும் இழுப்பதற்காகப் போட்ட பல் கணக்கு நெடுஞ்சாலையில் இப்படித்தான் பேசும். ஐந்து கியர் பெட்டிகளில் ஐந்தாவது கியரின் விகிதம் பொதுவாக 0.8-ஐ ஒட்டி இருக்கும். அதைப் போட்டால், இப்போது 60-இல் கேட்கும் அதே சத்தத்தோடு 75-இல் போகலாம். நீங்கள் கேட்டது இவ்வளவுதான் என்றால், அது கியர் பெட்டியோடு முடிந்துவிடுகிறது.

கிரவுன் பினியனை 4.27 விகிதத்துக்கு மாற்றினாலும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய இதே பலன் கிடைக்கும் என்று புரோக்கர் சொல்வார். சமவெளியைப் பொறுத்தவரை அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஐந்தாவது கியர் என்பது வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் ஒன்று. ஆக்சில் விகிதமோ எல்லாக் கியரிலும் எல்லா நேரமும் இருந்துகொண்டே இருக்கும். முதல் கியரின் விகிதத்தை 4 என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பது எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி. வில்லிஸ் காலத்திலிருந்து வரும் டானா 18 வகையில் அதன் ‘லோ’, அதாவது மெதுவாக இழுப்பதற்கான விகிதம், 2.46. இவற்றோடு 5.38-ஐப் பெருக்கினால், சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் ஏறக்குறைய 53 முறை சுற்றுகிறது. 4.27 போட்டால் அது 42 ஆகிவிடும். மழை நாளில் காப்பி மூட்டைகளோடு தோட்டத்திலிருந்து இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் டிரம் அல்ல, இந்த 53-தான். அதில் ஐந்தில் ஒரு பங்கை இழந்தால், அந்த வேலையையும் பிரேக்கே செய்ய வேண்டும். நீண்ட இறக்கத்தில் பழைய டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர் எனக்கு எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்களுக்கு அது கூடாது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செலவைக் குறைப்பதாகச் சொல்லிப் பின் ஆக்சிலை மட்டும் மாற்றிவிட்டு, “நீங்கள் நாலு சக்கரத்தையும் எப்போதய்யா போடப் போகிறீர்கள்?” என்று கேட்கும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் விகிதம் வேறாக இருக்கும் வண்டியில், பிடிப்புள்ள தரையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்ட சில மீட்டரிலேயே ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு கிராஸ் (ஷாஃப்டின் மூட்டு) உடைவதா, டிரான்ஸ்ஃபர் கேஸின் பல் உடைவதா என்பதுதான் மிச்சம். பழைய வண்டி வாங்கிய யாராக இருந்தாலும் இரண்டு ஆக்சிலையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். முந்தைய உரிமையாளர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்காது.

சோதிப்பது கடினமில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கைபிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். டயரிலும், ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். மற்றொருவர் ஷாஃப்டின் கோட்டை எண்ணட்டும். ஐந்து சுற்று முடிந்து, ஆறாவது சுற்றில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டிக் கோடு நின்றால், அது 5.38. நான்கே கால் சுற்றில் நின்றால், ஏற்கனவே யாரோ மாற்றியிருக்கிறார். முன் ஆக்சிலுக்கும் இதே முறைதான். சக்கர ஹப்பில் லாக் (சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் அதைப் போட்டுவிட்டு எண்ண வேண்டும்.

அப்படியே கையோடு உறுமலையும் பாருங்கள். ஷாஃப்டை இடமும் வலமுமாக ஆட்டினால் சிறு தளர்வு எல்லா வண்டியிலும் இருக்கும். ‘டக் டக்’ என்று தட்டும் அளவுக்கு இருந்தால் கிராஸையோ கிரவுன் பினியனையோ பார்த்தாக வேண்டும். பினியன் முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைக்கும்போது துளி அசைவு தெரிந்தாலும் பினியன் பேரிங் போய்விட்டது என்றே பொருள். பிறகு ஆக்சில் எண்ணெயைச் சுத்தமான தட்டில் இறக்குங்கள். விரலில் தேய்த்தால் சாம்பல் நிறக் குழைவாக வருவது வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் துகள் வந்தால், ஹவுசிங்கைத் திறக்காமல் வேறு எந்த வேலையையும் தொடங்காதீர்கள். பேரிங்கும் ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றிச் சரியாகப் பொருத்திய பிறகு பாதிப் பேர் கியர் பெட்டி ஆசையையே விட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம், ஏனென்றால் அவர்களை வதைத்தது வேகமல்ல, சத்தம்தான்.

நீங்கள் விடவில்லை என்று கொண்டு கியர் பெட்டிக்கு வருகிறேன். இங்கே விற்பவர் செய்யும் முதல் ஏமாற்று, இரண்டு சக்கர இயக்க வண்டியிலிருந்து கழற்றிய பெட்டியை நான்கு சக்கரத்துக்கு உரியதாகக் காட்டுவது. வெளி வார்ப்பு இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் பின்னால் வெளிவரும் ஷாஃப்டின் நீளமும் பல் அமைப்பும் வேறு. டிரான்ஸ்ஃபர் கேஸ் அதில் நேராக உட்காராது. அப்போது லேத்தில் ஷாஃப்டை வெட்டி, ஒட்டி, வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். முழு முறுக்கு விசையையும் சுமக்கும் ஷாஃப்டில் வெல்டிங் என்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். அது ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் அறுந்தால், எந்தக் கியரில் இருந்தாலும் எஞ்சினின் பிடிப்பு சக்கரத்துக்கு வராது. பெட்டியும், அதற்கென்றே செய்த இணைப்புத் தட்டும், டிரான்ஸ்ஃபர் கேஸும் மேசைமேல் ஒன்றோடு ஒன்று பொருந்தி, கையால் சுற்றும்போது எல்லாக் கியரும் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இரண்டாவது பிரச்சினை நீளம். ஐந்து கியர் பெட்டி பழையதைவிட நீளமாக இருப்பது வழக்கம். உங்கள் வண்டியின் சக்கர இடைவெளியோ வெறும் 91 அங்குலம். பெட்டி பின்னால் நீள நீளப் பின் புரொப்பல்லர் ஷாஃப்ட் குட்டையாகும், அது இறங்கும் கோணம் செங்குத்தாகும், கிராஸ் சீக்கிரம் தேயும், வண்டி அதிரும். இதற்கு மேல் ஸ்பிரிங்கை உயர்த்தி ‘லிஃப்ட்’ வேறு செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். பெட்டியின் முனையும் ஆக்சிலின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையான கோணத்தில் நிற்கிறதா என்று அளந்து, தேவையானால் ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையில் ஆப்பு வைத்துச் சரிசெய்யும் பட்டறையைத் தேடுங்கள். கோணம் அளக்கும் கருவியே இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் போல்ட் போட்டு நகர்த்தலாம், சேஸிஸை வெட்டக் கூடாது.

இனி எஞ்சின். உங்களுடையது 2112 சி.சி. எக்ஸ்.டி.பி. 4.90, அவர் தருவதாகச் சொல்லும் டிஐ 2523 சி.சி. இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் பொலேரோவில் வந்த அந்த டிஐ எஞ்சின் 3,200 சுற்றிலேயே வலிமையின் உச்சத்தைத் தொட்டுவிடும். 5.38 ஆக்சிலோடும் நான்கு கியரோடும் அது 79 கிலோமீட்டர் வேகம். நெடுஞ்சாலைக் கதறலுக்கு மருந்தாக அதை விற்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிடப் பெரிய தடை சட்டம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் தந்த விவரங்களுக்கு ஆர்.சி. விவரங்கள் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 2112 என்று எழுதிய புத்தகத்தோடு 2523 எஞ்சினை ஓட்டுவது இதற்குள் நேராக வந்து விழுகிறது.

ஒரே ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நேர்மையானவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் எஞ்சின் சரிசெய்ய முடியாதபடி போய்விட்டால், அதே வகை எஞ்சினைப் போடலாம். அப்போது சி.சி. மாறாது, எரிபொருள் மாறாது, எண் மட்டும் மாறும். இதற்கு முன்கூட்டியே பதிவு அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதியின்றி மாற்றிவிட்டவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த 14 நாளை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். எஞ்சின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதால், ஹெட், பிஸ்டன், லைனர், கிராங்க் எதை மாற்றினாலும் எண் மாறுவதில்லை, அது பராமரிப்பு. பிளாக்கை மட்டும் மாற்றினாலோ, சட்டத்தின் கண்ணில் அது எஞ்சின் மாற்றம். புது எண் ஆர்.சி.யில் ஏற வேண்டும், இன்சூரன்ஸிலும் ஏற வேண்டும், வண்டிக்குக் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான ஒப்புதலும் வேண்டும். பழைய எஞ்சின் வாங்கினால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கு ரசீது கேளுங்கள். எண் இருக்கும் இடத்தில் அரைத்த தடம் தெரிந்தால், விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

‘பேப்பர்’ வேலையைப் புரோக்கர் முடிப்பது பெரும்பாலும் எப்படி என்றால், உங்கள் பழைய எண்ணைப் புது பிளாக்கில் அடித்துவிடுவதுதான். எனக்குத் தெரிந்த ஓர் உரிமையாளருக்கு இப்படிச் செய்து கொடுத்தார்கள். ஐந்தாண்டுப் பதிவுப் புதுப்பிப்புக்காக எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோன அன்று ஆய்வாளர் அந்த எழுத்துகளின் உருவத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். புரோக்கரின் தொலைபேசி அன்றே அணைந்தது. கையொப்பம் உங்களுடையது, வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும்.

கியர் பெட்டிக்கு ஆர்.சி.யில் இடமே இல்லை. அதனால் அது அனுமதிக்கப்பட்டதா என்று கேட்டால், ஓர் அலுவலகத்தில் தேவையில்லை என்கிறார்கள், இன்னொன்றில் கூடாது என்கிறார்கள், மூன்றாவதில் நாளை வாருங்கள் என்கிறார்கள். உற்பத்தி நின்று, உதிரிபாகமும் அருகிவரும் வண்டியை ஓடும் நிலையில் வைத்திருக்க விரும்புகிறவருக்கு ஒரு பக்க அளவில் தெளிவான விதியைக்கூட இத்தனை ஆண்டுகளில் எழுதித் தர முடியாத ஒரு துறை, புரோக்கர்களுக்குத்தான் பிழைப்புத் தருகிறது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது, என்ன பெட்டி, எந்த வண்டிக்கு உரியது, சேஸிஸில் வெட்டு இல்லை என்ற விவரங்களோடு பதிவு அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குவது. எழுத்தில் மறுத்தால் நிறுத்திவிடுங்கள். எழுத்தில் பதில் வந்த பிறகே பெட்டிக்கு முன்பணம் கொடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதே கடிதத்தின் நகலை அனுப்புங்கள், இல்லையென்றால் விபத்தன்று அவர்களுக்கு மறுக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் ஆக்சிலுக்கு ஊற்றும் ஜி.எல்.5 எண்ணெயையே கியர் பெட்டிக்கும் ஊற்றிவிடாமல், பெட்டிக்குரிய கையேடு சொல்வதை ஊற்றச் சொல்லுங்கள். பித்தளை வளையங்கள் உள்ள பெட்டியைச் சில எண்ணெய்கள் அரித்துவிடும். முதல் 500 கிலோமீட்டருக்கு மூட்டை ஏற்றாமல் ஓட்டி, அந்த எண்ணெயையும் தட்டில் இறக்கிப் பாருங்கள். மலையேற்றத்தில் ஐந்தாவது கியரைத் தொடாதீர்கள். சமவெளிக்கு இறங்கி வத்தலக்குண்டு தாண்டிய பிறகு அதைப் போட்டுக்கொள்ளலாம்.