ஊருணி பச்சையாவதும் விடியலில் மீன் சாவதும் ஏன்?

காரைக்குடிப் பக்கத்து ஊருணியில் தண்ணீர் பச்சையாகி, விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறது, யாராவது மருந்து கலந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தே கலக்காமலும் இது நடக்கும். பெரும்பாலும் காரணம் பாஸ்பரஸ், அதாவது மணிச்சத்து.

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் மிஞ்சினால், ஒரு பகுதியையாவது நுண்ணுயிர்கள் காற்றுக்கே திருப்பிவிடும். மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. மண், பயிர், சாணம், மறுபடி மண் என்றுதான் சுற்றும். குளத்தில் இறங்கினால் அடியில் தங்கிவிடும். கோடையில் கண்மாய் வண்டலை அள்ளி வயலில் கொட்டியது அதை மீட்கும் வேலைதான்.

இப்போது வரத்துக்கால் வழியே சாக்கடை, செப்டிக் டேங்க் கசிவு, வயல் உரம் எல்லாம் வருகின்றன. 50 கிலோ டிஏபி உர மூட்டையில் பாஸ்பரஸ் மட்டும் சுமார் 10 கிலோ. அதில் 1 கிலோவே, காய்ந்த எடையில் 100 கிலோ பாசியை வளர்த்துவிடும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடும். இரவில் பாசியும், செத்த பாசியை மட்கவைக்கும் பாக்டீரியாவும் அதை உறிஞ்சும். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. மதியம் தண்ணீர் எடுத்துச் சோதித்தால் எல்லாம் சரி என்றே வரும்!

செம்மண்ணின் இரும்பு பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும். ஆனால் அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்தால் பிடி விட்டு, பாஸ்பரஸ் மறுபடி தண்ணீரில் கலந்துவிடும். ஆகவே சாக்கடையைத் திருப்பினால் மட்டும் போதாது. வற்றும்போது சேற்றையும் அள்ள வேண்டும். சாக்கடை வரத்தை அடைக்காமல் தூர்வாரினால் பச்சை திரும்பி வரும்.