முகமூடிக்குள் ஒலித்த மேடைக் குரல்

இந்த முறை வந்த கடிதங்களில் அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் பற்றியே நிறையக் கேள்விகள். ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன்.

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் முகமூடி வில்லன் டார்த் வேடர் இவர்தானா?

பதில்: குரல் மட்டும் இவருடையது. கறுப்பு உடைக்குள் நடமாடியவர் டேவிட் ப்ரவுஸ் என்ற ஆங்கிலேயர். 1977-இல் வந்த முதல் படத்துக்கு ஜோன்ஸ் வாங்கிய சம்பளம் சுமார் 7,000 டாலர். பெயரைக்கூடப் போட வேண்டாம் என்றுவிட்டார்.

கேள்வி: இவருக்குத் திக்குவாய் இருந்தது என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 1931-இல் மிசிசிப்பியில் பிறந்தவர், ஐந்து வயதில் தாத்தா பாட்டியோடு மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்தார். அதையொட்டித் திக்கத் தொடங்கியவர், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. உயர்நிலைப் பள்ளியில் டொனால்ட் கிரவுச் என்ற ஆசிரியர், பையன் ரகசியமாகக் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்தார். கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றிய ஒரு கவிதையைக் காட்டி, சொந்தமாக எழுதியதுதான் என்றால் வகுப்பின் முன் பார்க்காமல் சொல் என்றார். பையன் ஓர் இடத்திலும் திக்காமல் சொல்லி முடித்தான். ஆசிரியருக்கு வந்தது உண்மையான சந்தேகமோ தந்திரமோ, அமெரிக்க நாடகம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

கேள்வி: மேடையில் அவருடைய சிறந்த வேடம் எது?

பதில்: பலரும் 'தி கிரேட் ஒயிட் ஹோப்' என்பார்கள். உலக ஹெவிவெயிட் பட்டம் வென்ற முதல் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சனின் வாழ்க்கையை ஒட்டிய நாடகம் அது. 1969-இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி அவருக்குக் கிடைத்தது. என் ஓட்டு 'ஃபென்சஸ்' நாடகத்துக்கு. வாய்ப்பு மறுக்கப்பட்ட பேஸ்பால் ஆட்டக்காரன், பிட்ஸ்பர்க்கில் குப்பை அள்ளிப் பிழைக்கிறான். தனக்குக் கிடைக்காததை மகனுக்கும் கிடைக்கவிடாமல் செய்கிறான். வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நம்மைத் தவிக்கவிடும் தகப்பன். 1987-இல் இரண்டாவது டோனியை வாங்கித் தந்தவன் அவன்தான்.

கேள்வி: ஆஸ்கர்?

பதில்: போட்டியில் கிடைக்கவில்லை. குத்துச்சண்டை நாடகம் 1970-இல் படமானபோது பரிந்துரை மட்டும் வந்தது. 2011-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.

கேள்வி: நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் இவர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. முன்பு அதன் பெயர் கோர்ட் தியேட்டர். 2022-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, பெயர் மாற்றினார்கள். 2024 செப்டம்பரில், 93 வயதில் காலமானார். 1958-இல் 'சன்ரைஸ் அட் காம்போபெல்லோ' நாடகத்தில் வேலைக்காரனாக ஒரு சிறு வேடத்தில் அவர் வந்துபோனது இதே மேடையில்தான்.