சிறு கீறல் வழியே இதயத்தின் மைட்ரல் வால்வு மாற்றும்போது வலது நுரையீரலை எப்படிச் சுருக்கி வைப்பது?

வலது மார்பில் சிறு கீறல் போட்டால், அந்த நுரையீரல் சுருங்கியிருந்தால்தான் சர்ஜனுக்கு இதயம் தெரியும். இதற்கு, இரு நுரையீரலுக்கும் தனித்தனி வழியுள்ள மூச்சுக்குழாய் டியூபான இடப்பக்க டபுள் லூமன் டியூப்தான் நம்பகமானது. பெண்களுக்குப் பெரும்பாலும் 35 அல்லது 37, ஆண்களுக்கு 39 பிரெஞ்ச் (டியூபின் பருமன் அளவு). பிராங்கோஸ்கோப்பில் (மூச்சுக்குழாய்க்குள் பார்க்கும் கருவி), கரீனாவுக்கு (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) சற்றுக் கீழே இடது கிளையில் டியூபின் நீலக் கஃபின் (காற்றடைக்கும் சிறு பலூன்) மேல்விளிம்பு பிறைபோல் தெரிய வேண்டும். அதில் 3 மிலிக்கு மேல் காற்று வேண்டாம்: ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்தபின் சின்னக் காயம்கூட நிற்காமல் கசியும்.

நோயாளியைச் சாய்த்த பிறகும் இதயத்தைப் பார்க்க உணவுக்குழாயில் எக்கோ புரோப் இறக்கிய பிறகும் டியூப் நகர்ந்திருக்கலாம், மறுபடி பாருங்கள்.

உண்மையான சிக்கல் பைபாஸ் (இதய-நுரையீரல் இயந்திரம்) முடிந்ததும்தான். ஒற்றை நுரையீரலில் ஆக்சிஜன் சரியும். முதலில் டியூப் இருக்குமிடத்தையும் சளி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து வலப்பக்கம் 5 செ.மீ. நீரழுத்தத்தில் சிபாப் (தொடர்ந்து சீரான அழுத்தத்தில் ஆக்சிஜன்), போதாவிட்டால் சர்ஜனிடம் சொல்லி இரு நுரையீரலையும் விரித்துவிடுங்கள், மெதுவாக. சட்டென்று விரித்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும்.