நாற்காலியில் குவியும் துணி

அன்புள்ள ஐயா,

என் மகனுக்கு 15 வயது. அவனுடைய துணி அலமாரியை மாதம் ஒரு முறை நானே அடுக்கித் தருகிறேன். ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. உடுத்தியதும் உடுத்தாததுமாக எல்லாம் நாற்காலியில் குவிந்துவிடுகின்றன. திட்டினால் கதவைச் சாத்திக்கொள்கிறான். இவனுக்குப் பொறுப்பு வருவதற்கு என்னதான் வழி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பொறுப்பு இருக்கட்டும். முதலில் அந்த நாற்காலியில் கிடப்பதை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு நாள் உடுத்திய ஜீன்ஸ், மாலையில் சற்று நேரம் மட்டும் போட்டுக் கழற்றிய சட்டை என்று பெரும்பாலும் இரண்டுங்கெட்டான் துணிகளாகவே இருக்கும். அழுக்குக் கூடையில் போடும் அளவுக்கு அழுக்கில்லை. துவைத்த துணியோடு சேர்த்து வைக்கவும் மனம் வராது. நீங்கள் அடுக்கித் தந்த அலமாரியில் இவற்றுக்கு இடமே கிடையாது. பையன் என்ன செய்வான்? சுவரிலோ கதவின் வெளிப்புறத்திலோ நான்கைந்து கொக்கிகள் அடித்துக்கொடுங்கள். காற்றாடத் தொங்கட்டும். வியர்வையில் நனைந்த விளையாட்டு உடையை மட்டும் அங்கே சேர்க்க வேண்டாம், அது நேராகத் துவைக்கப் போக வேண்டும்.

பெரியவர்கள் அலமாரியைப் பார்வைக்கு அழகாக அடுக்குகிறோம். அவனுக்கு வேண்டியது திருப்பி வைப்பதற்குச் சுலபமான அலமாரி. கதவைத் திறந்து, நெருக்கத்தில் மாட்டிக்கொண்ட ஹேங்கரை உருவி, சட்டையை மாட்டி, மறுபடி கம்பியில் செருகுவதற்குள் அவன் பொறுமை போய்விடும். காலுறை, உள்ளாடை எல்லாம் மூடியில்லாத பெட்டிகளில் விழட்டும், மடிக்கவே வேண்டாம். இஸ்திரி போட்டவை மட்டும் ஹேங்கருக்குப் போகட்டும். கம்பளிப் பின்னலாடையைத் தொங்கவிட்டால் தன் எடையிலேயே தொய்ந்துவிடும், அதை மடித்துத்தான் வைக்க வேண்டும்.

அலமாரியின் ஆழத்தையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஹேங்கரின் அகலமே ஏறக்குறைய 45 செ.மீ.; சட்டையோடு சேர்த்துத் தாராளமாகத் தொங்க உள்ளே 55 முதல் 60 செ.மீ. ஆழம் வேண்டும். குறைந்தால் கைப்பகுதி கதவில் சிக்கும், பிறகு கதவு திறந்தபடியே கிடக்கும். அதற்கும் பையன்தான் திட்டு வாங்குவான்! உயரமான தொங்கும் பகுதியாக இருந்தால், தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இன்னொரு கம்பி போடுங்கள். சட்டைகளுக்கு இரண்டு வரிசை கிடைக்கும்.

வளரும் வயது என்பதால் போன வருடத்துப் பேண்ட் இந்த வருடம் கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழித்துக்கட்டுங்கள், ஆனால் அவன் பக்கத்தில் இருக்கும்போது. சாயம் போன டி-ஷர்ட்டை அவனைக் கேட்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு தட்டை அவனுக்கென்றே ஒதுக்கி, அதை நீங்கள் திறக்காமல் இருப்பதும் நல்லது. மாதாமாதம் அடுக்குவதை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவன் அடுக்கும் லட்சணம் உங்கள் கண்ணை உறுத்தலாம். அவனுக்கு வேண்டியது அவன் கைக்கு அகப்பட்டால் சரி.

பூச்சிக்குப் பயந்து நாப்தலீன் உருண்டை போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த ஆவி உடம்புக்கு ஆகாது, அவன் தூங்குவதும் அதே அறையில்தானே. துணியை நன்றாகத் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்தி உள்ளே வைத்தாலே பெரும்பாலும் பூச்சி அண்டாது.