குழுவை விட்டு விலகிய ராக் பாடகரின் முதல் தனி சிங்கிள் ஏன் அவ்வளவு முக்கியம்?

சிங்கிள் என்றால், தனியாக வெளியிடும் ஒரு பாட்டு, பெரும்பாலும் ஆல்பத்திலிருந்து எடுத்தது. குழுவை விட்டு வந்தவர் தன் பெயரில் போடும் முதல் பாட்டுதான் முதல் தனி சிங்கிள்.

ரசிகர்களுக்குப் பழக்கமானது குழுவின் பெயர். விலகும்போது அது கூட வராது. அதனால் 'நான் இனி இப்படி' என்று அந்த ஒரு பாட்டு சொல்லியாக வேண்டும். கும்பகோணம் பக்கம் இரண்டாம் நாயனம் வாசித்தவர் தனியாக மேள செட் கட்டுவதைப் போல. சாமி புறப்பாட்டில் அவர் வாசிக்கும் முதல் மல்லாரியிலேயே ஊர் அவரை எடை போட்டுவிடும்.

நல்ல உதாரணம் பீட்டர் கேப்ரியல். ஜெனிசிஸ் குழுவின் பாடகர், 1975இல் விலகினார். 1977இல் வந்த முதல் தனி சிங்கிள் 'சோல்ஸ்பரி ஹில்'. விலகிய முடிவைப் பற்றியே பாடினார், அதுவும் பெரும்பாலும் ஏழு எண்ணிக்கைத் தாளத்தில். திருவையாற்றில் அதே ஏழு எண்ணிக்கையுள்ள மிஸ்ர சாபு தாளத்துக்குத் தொடை தட்டிப் பழகியவர்கள் ஒருமுறை எண்ணிக்கொண்டே கேளுங்கள். ராக் பாட்டுகள் பெரும்பாலும் நாலில் நடக்கும். இது ஏழில் நடந்தும் எங்கும் இடறாது. எனக்கு அதன் பெரிய அழகே அதுதான். பிரிட்டன் சிங்கிள் விற்பனைப் பட்டியலில் 13ஆம் இடம் வரை போனது. அப்புறம், ஜெனிசிஸும் நிற்கவில்லை. டிரம்மர் பில் காலின்ஸ் பாடகரானார்.

தனி சிங்கிள் என்றால் எல்லா வாத்தியமும் அவரே வாசித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் ஸ்டீவ் ஹன்டர், பேஸ் கிட்டார் டோனி லெவின்.