மெர்ச்சன்டைசர் அக்கா பதில்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் உதவி மெர்ச்சன்டைசராகச் சேர்ந்திருக்கிறேன்; பையருக்கும் உற்பத்திக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் வேலை. தமிழ் மீடியத்தில் படித்தவள். ஜெர்மனி பையருக்கு ஒரு மெயில் எழுதவே பாதி நாள் போய்விடுகிறது. அனுப்பினாலும் அவர்கள் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்கிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா அக்கா?
– வாசகி, அவிநாசி

சேர்ந்துகொள் கண்ணு, நல்லதுதான். ஆனால் அவர்கள் திரும்பக் கேட்பதற்கு உன் ஆங்கிலம் காரணமில்லை. இலக்கணம் தடுமாறிய மெயிலுக்கு அரை மணியில் பதில் வந்ததையும், அழகாக எழுதிய மெயில் நாள்கணக்கில் கிடந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். படித்து முடித்ததும் தான் என்ன செய்ய வேண்டும் என்று பையருக்குத் தெரிகிறதா? அதுதான் கேள்வி.

லேப் டிப், அதாவது நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயம் போட்ட சிறு துணித் துண்டுகள், அனுப்புகிறாய் என்று வை. நலம் விசாரித்து, போன வாரம் பேசியதை நினைவூட்டி, கடைசி வரியில் விஷயத்துக்கு வராதே. முதல் வரியிலேயே சொல்லிவிடு: நேவி நிறத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று சாயல் அனுப்பியிருக்கிறோம், எங்கள் பார்வையில் பி பொருந்துகிறது, வியாழனுக்குள் ஒப்புதல் வேண்டும். அடுத்த வரியில் காரணம்: வெள்ளிக்கிழமை துணியை டையிங்கில் (சாயத்தில்) போட ஏற்பாடு செய்திருக்கிறோம், தவறினால் துணி தள்ளும், கப்பல் தேதியும் தள்ளும். கூரியர் எண்ணைக் கீழே போடு. அவ்வளவு போதும். சப்ஜெக்டில் ஸ்டைல் எண்ணும் ஆர்டர் எண்ணும் கட்டாயம் இருக்கட்டும். ஒரே மெயிலில் லேப் டிப்பையும் ஃபிட் சாம்பிளையும் (அளவு பார்க்கத் தைத்த மாதிரி) சேர்க்காதே. ஒன்றுக்குப் பதில் வரும், மற்றது மறந்துபோகும்.

நேரத்தையும் பார். ஜெர்மனியில் காலை 9 மணி என்பது, அங்கே கோடையென்றால் நமக்குப் பகல் 12.30, அங்கே குளிர்காலமென்றால் 1.30. காலையில் வந்ததும் முதல் வேலையாக எழுதிப் பன்னிரண்டுக்குள் அனுப்பிவிடு. இரவு எட்டு மணிக்கு அனுப்பினால் அவர்கள் கிளம்பும் நேரம். ஒரு சந்தேகம் கேட்டு வந்தால்கூட ஒரு நாள் போச்சு.

பையர் எழுதும் வாக்கியங்களையே ஒரு நோட்டில் குறித்து வை. உன் வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது.

கேள்வி: துணி எப்போது வரும் என்று டையிங், பிரிண்டிங் யூனிட்களிடம் கேட்டு நாள் முழுக்க போனிலேயே இருக்கிறேன். "நாளைக்கு வந்துருமுங்க" என்கிறார்கள், வருவதில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்றும் முடிவதில்லை.
– வாசகர், பெருமாநல்லூர்

தம்பி, "எப்ப வரும்?" என்று கேட்டால் "நாளைக்கு" என்றுதான் பதில் வரும். "துணி இப்ப எங்க இருக்கு?" என்று கேளுங்கள். இன்னும் சாயத்தில் இருக்கிறதா, காய்கிறதா, காம்பாக்டிங் (துணி பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் வேலை) போய்விட்டதா என்று தெரிந்தால் எப்போது வருமென்று நீங்களே கணக்குப் போடலாம். போனை வைத்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்கள்: "பேசியபடி நேவி 180 கிலோ, புதன் மாலை 4 மணி டெலிவரி." எழுத்தில் இருந்தால் அவர்களும் சூப்பர்வைசரிடம் காட்டி வேலை வாங்குவார்கள். காலை பத்து மணிக்கு ஒரு சுற்று, மாலை நான்குக்கு ஒரு சுற்று என்று போன் வேலையை ஒதுக்குங்கள். இடைப்பட்ட நேரத்தில் ஆர்டர் ஷீட்டைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

கேள்வி: ஆர்டர் தாமதமாகும் என்று தெரிந்தால் முதலாளியிடம் எப்போது சொல்வது?
– வாசகர், பல்லடம்

தெரிந்த அன்றே. பத்து நாள் இருக்கும்போது சொன்னால் தையலுக்கு இன்னொரு யூனிட்டைப் பிடிக்கலாம், பாதியை முதலில் அனுப்பலாமா என்று பையரிடம் கேட்கலாம். கடைசி நாளில் சொன்னால் தூத்துக்குடியில் கப்பல் போயிருக்கும். விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில்தான் விழும்.